ஆறு அடுக்குக் கூடு

பழைய ஜப்பானிய டிரம்முக்கு வயது சொல்வதில் என்னை மிஞ்ச நகோயாவில் ஆள் கிடையாது. தலைக்கனம் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அந்தக் காலத்து டிரம்மில் வரிசை எண் கிடையாது. அதனால் விற்கிறவர்கள் வெளியே அடித்திருக்கும் முத்திரைத் தகட்டைப் பார்த்தே வருடத்தைச் சொல்லிவிடுவார்கள். சிவப்புத் தகடு என்றால் அறுபத்தெட்டு, நீலம் என்றால் எழுபத்திரண்டு என்று இணையத்தில் பட்டியலே போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஹிபினோ என்ற அம்மா அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் என்னைத் தேடி வந்தார். எழுபத்துநான்கு வயது, ஒற்றை நாடி உடம்பு. துணியில் முடிந்து கொண்டுவந்த சின்ன டிரம்மை என் மேஜைமேல் வைத்து முடிச்சை அவிழ்த்தார். முத்து வெள்ளை நிறம், சிவப்புத் தகடு.

“ஹொக்கைடோல, ஹகோதாதே ஊர்ல ஒரு பழைய சாமான் கடையில இருந்துச்சு, ஒகிசோ சார். என் தங்கச்சி பையன் போன்ல பார்த்துட்டு வாங்கிக் குடுத்தான். உள்ள பாருங்க.”

விளக்கைக் காட்டிப் பார்த்தேன். மரக் கூட்டின் உள்பக்கம் கத்தியால் ஆழமாகச் செதுக்கிய பெயர், கட்சுமி.

“எங்க வீட்டுக்காரர். டிரம் வாங்கினா மொத வேலை இதுதான். கடைசிக் கோட்டை இப்படி வால் மாதிரி இழுத்து விடுவார். ‘பென்சில் டப்பால பேர் எழுதற ஸ்கூல் பையனா நீங்க’ன்னு கேலி பண்ணுவேன்.”

கட்சுமி காபரே விடுதிகளில் டிரம் வாசித்தவர். 1971 நவம்பரில், குளிர்காலம் முழுக்க வாசிப்பதாக ஒப்புக்கொண்டு ஹொக்கைடோவுக்குக் கப்பலேறினார். கப்பல் தளத்தில் அவருடைய காலணி மட்டும் கிடந்தது. உடல் கிடைக்கவில்லை. நீதிமன்றம் அவர் இறந்ததாக எழுதிக்கொடுத்தது. கல்லறையில் வைத்த கலசத்தில் எலும்பு இல்லை, ஒன்றுமே இல்லை.

“அடுத்த மாசம் அம்பதாவது திதி. அதோட கடைசி. அப்புறம் அவரும் முன்னோர்கள்ல ஒருத்தர், தனியா ஒண்ணும் செய்ய வேண்டாம். எனக்கும் போதும் சார், களைச்சுப் போச்சு. வெறும் கலசத்தை எத்தனை வருஷம் கும்பிடறது? இதுல ஒரு துண்டு மரம் எடுத்து அதுல போட்டுடலாம்னு இருக்கேன்.”

“போட வேண்டியதுதானே அம்மா. என்கிட்ட எதுக்கு வந்தீங்க?”

“நாத்தனார் நம்ப மாட்டேங்கறா. ‘எவனோ செதுக்கினது, அண்ணன் கலசத்துல கண்ட குப்பையைப் போடாதே’ங்கறா. இது எழுபத்தொண்ணுக்கு முந்தின டிரம்னு நீங்க எழுதிக் குடுத்தா வாயை மூடிப்பா.”

தோலைக் கழற்றி, மெல்லிய பலகைகளை ஒட்டிச் செய்த கூட்டின் விளிம்பைப் பார்த்தேன். ஆறு அடுக்கு. இன்னொரு முறை எண்ணினேன். ஆறுதான். உள்ளே விளிம்பை ஒட்டி இருக்க வேண்டிய தாங்கு வளையமும் இல்லை.

1975 வசந்தத்தில், பதினெட்டு வயதில், இந்த டிரம்மைச் செய்த தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த மாதம்தான் மூன்று அடுக்கும் வளையமுமாக இருந்த பழைய கூட்டை நிறுத்திவிட்டு ஆறு அடுக்குக்கு மாறினார்கள். பசை தடவியவர்களில் நானும் ஒருவன். மிஞ்சிக் கிடந்த சிவப்புத் தகடுகளைத் தூக்கிப்போட முதலாளிக்கு மனம் வரவில்லை. தீரும்வரை இரண்டு வருடம் புதுக் கூட்டில் பழைய தகட்டை அடித்தோம். பட்டியல் போட்ட எந்த மகானுக்கும் இது தெரியாது.

அறுபத்தெட்டு என்று எழுதிக் கொடுத்திருக்கலாம். தகடே அப்படித்தான் சொல்கிறது, உலகத்தில் ஒருவனும் என்னைக் கேட்கப் போவதில்லை. ஆனால் நாற்பது வருடமாக ஒரு வருடத்தைக்கூடத் தப்பாகச் சொன்னதில்லை என்ற திமிர் எனக்கு இருந்தது. உண்மை தெரிந்தால் அந்த அம்மா ஓடிப்போன புருஷனைத் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாக இருப்பார் என்றும் எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

“எழுபத்தஞ்சுக்கு முந்தி இந்தக் கூடு கிடையாது அம்மா. நானே செஞ்சிருக்கேன், அதனால தெரியும்.”

அவர் விரலை உள்ளே விட்டு அந்தக் கடைசிக் கோட்டைத் தடவினார்.

“இது அவர் கைதான். அதுல சந்தேகமே இல்ல.”

“தெரியுது அம்மா.”

“அப்ப கடல்ல விழுந்து நாலு வருஷம் கழிச்சு மனுஷன் புது டிரம் வாங்கியிருக்கார்.” சிரித்தார். “ஒரு கடுதாசி போட ஸ்டாம்ப் வாங்கல.”

“திட்டுங்க. நல்லா வாய்விட்டுத் திட்டுங்க.”

அவர் திட்டவில்லை. பார்லி டீ ஊற்றிக் கொடுத்தேன், தொடவில்லை. உதடு மட்டும் அசைந்தது. என்னவோ கணக்குப் போடுகிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரமானது.

“என்னைவிட நாலு வயசு மூத்தவர்,” என்றார். “இப்ப எழுபத்தெட்டு.”

“அம்மா, இந்த டிரம் எத்தனை கை மாறிச்சோ. அவர் வித்தாரா, போய்ச் சேர்ந்தப்புறம் யாராவது வித்தாங்களா, யாருக்குத் தெரியும்?”

“நீங்கதானே சொன்னீங்க, செத்தவர் செதுக்கினதில்லன்னு. கோயில்ல சொல்லித் திதியை நிறுத்தணும். உயிரோட இருக்கறவருக்குச் செய்யக் கூடாது.”

“அது எழுபத்தஞ்சு. இன்னிக்கு இருக்கார்னு நான் சொல்லலையே.”

“இல்லன்னும் சொல்லலையே.”

என் பேச்சையே எடுத்து என்னை அடித்துவிட்டார். அவர் டிரம்மை மறுபடி துணியில் கட்டினார். வாசலில் காலணியை மாட்டிக்கொண்டே என்னிடம் கேட்டார்.

“நாங்க ரெண்டு பேரும் இருந்த பழைய வீட்டை இடிச்சுட்டுத்தான் இப்ப இருக்கற ஃபிளாட்டுக்கு வந்தேன், சார். அவர் திரும்பி வந்தா யாரைக் கேட்டு என்னைக் கண்டுபிடிப்பார்?”