ஐந்து பேரில் ஒருத்தி

சாப்பாட்டு டப்பாக்களைக் கழுவிவைத்த கையோடு மூக்குக்கண்ணாடிக் கடையில் பந்தயம் தொடங்கிவிட்டது. சிறந்த துணை நடிகை விருதுக்கு ஐந்து பேர். யாருக்குக் கிடைக்கும் என்று ஆளாளுக்கு ஜோசியம் சொன்னார்கள். மாமியாராக வந்து அழவைத்தவளுக்குத்தான் என்று பில் போடுகிற பெண் அடித்துச் சொன்னாள். கண் டாக்டரோ, நர்ஸாக நடித்தவள் பக்கம். முதலாளி மட்டும், விந்தி விந்தி நடந்த தையல்காரிக்கே என்றார்.

"கால் சரியில்லாத வேஷம்னா கண்ண மூடிட்டுக் குடுத்துடுவாங்க."

மூலையில் கண்ணாடிகளின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை. தையல்காரியாக நடித்தது அவளுடைய கூடப்பிறந்த தங்கை. அந்த நடை இவளுடைய நடை. கடையில் எல்லோருக்கும் இது தெரியும். படப்பிடிப்புக்கு முன்னால் தங்கை இவர்கள் வீட்டில் வந்து தங்கி, "இன்னொரு தடவ நடந்து காட்டுக்கா" என்று கூடத்தில் நடக்கவிட்டுக் கைப்பேசியில் படம் பிடித்தாள். சின்ன வயதில் மாடிப்படியில் விழுந்து கோணிப்போன அந்தக் காலை அதுவரை யாரும் அவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை. கால் வீங்கும்வரை இவள் நடந்தாள்.

முதலாளிக்குத் திடீரென்று ஒரு யோசனை. கொஞ்சம் நடந்து காட்டச் சொன்னார். அவள் அலமாரிவரை போய்த் திரும்பினாள். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"இல்லம்மா. உன் தங்கச்சி நடந்ததுதான் நெஜம் மாதிரி இருந்துச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். தன் பந்தயத்தை மாமியாராக நடித்தவள் பேரில் வைத்தாள்.

விருது தங்கைக்கே கிடைத்தது. கடைத்தெருவில் ஒரு பிச்சைக்காரியின் பின்னாலேயே வெயிலில் அலைந்து அந்த நடையைக் கற்றுக்கொண்டதாக மேடையில் சொன்னாள். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. வீட்டில் டிவி முன்னால் அம்மாவும் தட்டினாள். பிறகு பெரிய மகளைப் பார்க்காமல் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

போனில் தங்கை எதையும் ஒளிக்கவில்லை. "உன்னச் சொன்னா வீட்டுக்குள்ளயே பாத்து நடிச்சுட்டான்னு ஆயிரும்க்கா. அலஞ்சேன்னு சொன்னாத்தான் மதிப்பு. நீ தப்பா எடுத்துக்க மாட்டே."

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் அவளும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்திரிகைக்காரர்கள் வருவதாக ஏற்பாடு. காலையிலேயே அம்மா அவளுக்குத் தரை தொடும் உடை ஒன்றைப் போட்டுவிட்டு, ஜன்னலோர நாற்காலியில் உட்காரவைத்தாள். குனிந்து, உடையை இழுத்து இழுத்துப் பாதத்தை மூடினாள்.

"அவங்க போறவரைக்கும் எந்திரிக்காத. தண்ணி வேணும்னாக்கூட என்னக் கேளு."

பெற்றவளின் வாயிலிருந்து வந்த சொல். அதில் கோபம்கூட இல்லை.

வந்தவர்களுக்குத் தங்கையே டீ கொடுத்தாள். நிருபர் பெண் எல்லோரையும் பேசவிட்டு, கடைசியில் நாற்காலிப் பக்கம் திரும்பினாள். ஐந்து பேரில் அக்காவுக்குப் பிடித்தது யார் என்று கேட்டாள்.

"என் தங்கச்சிதான்" என்றாள் அவள். "அவ நடந்தா நெஜமாவே கால் சரியில்லாத மாதிரி இருக்கு."

நிருபர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டாள். தங்கை டீத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தாள்.

உள்ளே வெளிச்சம் போதவில்லை, குடும்பமாக வாசலில் நின்றால் படம் நன்றாக வரும் என்றார் புகைப்படக்காரர். பெரியவளுக்கு உடம்பு சரியில்லை, அவள் இங்கேயே இருக்கட்டும் என்றாள் அம்மா அவசரமாக.

"நாலு எட்டுதானேம்மா. வாங்கக்கா" என்றார் அவர்.

வாசலில் தங்கை விருதை மார்போடு அணைத்தபடி நின்றாள். அம்மா தலையை லேசாக, மிக லேசாக, இடவலமாக அசைத்தாள். பெரியவள் நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பற்றி எழுந்தாள். முதல் எட்டில் உடையின் ஓரம் பாதத்தைவிட்டு மெல்ல மேலேறியது.