கைமேல் பழி

வயிற்றில் புது செட்டைப் பொருத்திச் சரியாக ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. சர்க்கரை முன்னூற்றுப் பதினெட்டு.

இன்சுலின் பம்ப் வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. மூன்று நாளைக்கொரு முறை அந்த செட்டை, அதாவது குழாயையும் அதன் ஒட்டுப்பட்டையையும், மாற்ற வேண்டும். இதுவரை நர்ஸ் மாற்றினாள். இன்று விடிந்ததும் முதன்முதலாக மருமகள் தானே மாற்றிக்கொண்டாள்.

"பழையபடி ஊசியே போட்டுக்கோம்மா," என்றார் மாமியார். "தினம் அஞ்சு தரம் குத்தினாலும் நிம்மதி."

அவளுக்கு அந்த அஞ்சு தரம் வேண்டாம். ஆய்வகத்தில் வேலை நடுவே கழிவறைக்கு ஓடி ஓடிக் குத்திக்கொண்டது போதும். ஆனால் அவளால் தனியாக மாற்ற முடியாவிட்டால் பம்ப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள்.

ஒட்டுப்பட்டையை மெல்ல உரித்தாள். தோலுக்குள் போயிருந்த பிளாஸ்டிக் முனை மடங்கவில்லை. ரத்தம் இல்லை, கசிவு இல்லை. குழாயை வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு காற்றுக் குமிழ்கூட இல்லை.

"நான் சரியாத்தான் குத்தியிருக்கேன் அத்தை."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

"சில வீட்டுல கூடமும் கோணலாத்தான் இருக்கும்."

மாமியாருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

அவள் வேலைக்குக் கொண்டுபோகும் பையிலிருந்து அவசரத்துக்கு வைத்திருந்த இன்சுலின் பேனாவை எடுத்தாள். கணக்குப் போட்டாள், தொடையில் குத்திக்கொண்டாள். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் நூற்றுத் தொண்ணூறு. உடம்பு அதே உடம்பு, மருந்துதான் வேறு.

காலையில் பம்ப்பில் நிரப்பிய இன்சுலின் குப்பியை ஃப்ரிட்ஜ் கதவுத் தட்டிலிருந்து எடுத்து ஜன்னலோரம் தூக்கிப் பிடித்தாள். தண்ணீர் போலிருக்க வேண்டியதில் பொடிப்பொடியாக ஏதோ மிதந்தது.

"ஏங்க, இந்த ஃப்ரிட்ஜ் ஒழுங்கா ஓடுதா?"

கணவன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். வேறு நாளாக இருந்தால் இந்தக் கேள்விக்கு அரைமணி நேரம் மார்தட்டியிருப்பான். காலையிலிருந்தே வாயில் கொழுக்கட்டை.

"ஓடுது."

"அப்போ இது எப்படி உறைஞ்சுது? இன்சுலின் ஒரு தரம் உறைஞ்சா செத்துடும். அப்புறம் உருகினாலும் வேலை செய்யாது."

"டேய், கேக்குறாள்ல?" என்றார் மாமியார்.

அவள் பெட்டியைத் திறந்து அடுத்த செட்டை எடுத்து வைத்தாள். வயிற்றின் மறுபக்கத்தில் இடம் பார்த்துத் துடைத்தாள்.

"மருந்துக்கடைக்குப் போய்ப் புதுக் குப்பி வாங்கிட்டு வாங்க. நானே மாத்திக்கறேன்."

அவன் செருப்பை மாட்டினான். வாசல்வரை போனவன் திரும்பி வந்தான்.

"நேத்து கீழ்க் கதவுக்கு ரப்பர் மாத்தினேன்ல... ரப்பர் படியற வரைக்கும் மருந்து சூடாயிடக் கூடாதேன்னு, விடிகாலை நாலு மணி வரைக்கும் அதை நான்தான் ஃப்ரீசர்ல வெச்சிருந்தேன்."