நெட்டைக்குக் கிடைத்த வேலை

கமுந்திங் தொழிற்சாலையில் அந்த வாரம் முப்பத்திரண்டு பேரை வேலைக்கு எடுத்திருந்தோம். ஆளுக்கொரு பதிவு அட்டை. ராக்காயி என்ற பெயர் எதிலும் இல்லை.

"உங்க பேரு இல்லலா அக்கா," என்றேன், உயரமான சன்னலுக்கு வெளியே கேட்ட குரலிடம்.

"இருக்கும் தங்கச்சி. எஸ்டேட்டு ஆபீசு கிராணிதான் பேர எழுதி அனுப்புனாரு. நல்லாப் பாரு."

நல்லாப் பார்க்காமலா இரண்டு தடவை புரட்டினேன்? எரிச்சலாக இருந்தது. ஆனால் பெயரை மட்டும்தானே பார்த்தேன் என்றும் தோன்றியது.

"ஐசி குடுங்க."

அடையாள அட்டையோடு ஒரு கை மட்டும் நீண்டது. ஐசி எண்ணை ஒவ்வோர் அட்டையாக ஒப்பிட்டேன். பத்தொன்பதாவதில் அப்படியே இருந்தது. பெயர்: நெட்டையம்மா.

"யாருக்கா இந்த நெட்டையம்மா?"

"நான்தான். எங்க எஸ்டேட்டுல மூணு ராக்காயி. காலையில பெரட்டுல பேர் கூப்பிடுறப்ப கொழம்பக் கூடாதுன்னு கிராணி எனக்கு வச்ச பேரு."

ஆவலை அடக்க முடியவில்லை. எழுந்து எட்டிப் பார்த்தேன். சன்னல் விளிம்புக்குக் கீழே அண்ணாந்த முகம். என் தோள் உயரம்கூட இருக்கமாட்டார்.

"சிரிக்கிறதுன்னா சிரிச்சுக்க," என்றார் ராக்காயி. "பேர மட்டும் மாத்திப்புடாத. வேலை நெட்டைக்குல்ல கெடச்சிருக்கு!"