மெஷின் சூடு

சாலையின் குறுக்கே வெட்டிச் சாய்த்திருந்த புளியமரத்தைக் கயிறு கட்டி ஓரத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள் பையன்கள். காருக்குள் எட்டிப் பார்த்த ஒருவன், "முடியாதவருடா, வழி வுடுங்க" என்று சொன்னதுதான். மறியலுக்கு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

பின்சீட்டில் கணவனின் தலையை மடியில் வைத்திருந்த பாப்பாத்தி இதை எதிர்பார்க்கவில்லை. இட ஒதுக்கீடு கேட்டு ஜில்லா முழுக்க மறியல் என்று தெரிந்துதான் வாடகைக் காருக்குச் சொல்லியனுப்பினாள். பாதி வழியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அவரும் சமாதானமாகிவிடுவார் என்று நினைத்திருந்தாள்.

ஆதிமூலம் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு போடுகிறவர். ஆடி மாசம் தலைவலி தாங்காமல் வரப்பில் விழுந்தவரை மெட்ராஸுக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்தார்கள். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். காதுக் கடுக்கனைச் சோப்பு போட்டுக் கழற்றினாள் பாப்பாத்தி. மெஷின்காரர் பொறுமையான மனுஷன்.

"ஊசி வழியா ஒரு மருந்து போகும். உடம்பெல்லாம் சூடாகும், ஒண்ணுக்குப் போயிட்ட மாதிரிகூட இருக்கும். பயப்படாதீங்க, உடனே அடங்கிடும். தலையை மட்டும் அசைக்காதீங்க. இது படம் புடிக்கிறது, அவ்வளவுதான்."

ஆதிமூலத்தின் காதில் சூடு மட்டும்தான் விழுந்தது.

டாக்டர் பாப்பாத்தியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். மூளையில் கட்டி, கத்தி வைக்க முடியாத இடம். வீக்கம் வடிய மாத்திரை தருகிறேன், கொஞ்ச நாள் வலி தெரியாது, அப்புறம் அதுவும் கேட்காது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. மகன் அறிவுச்செல்வனிடம் சொன்னால் அவன் முகத்தைப் பார்த்தே இவர் தெரிந்துகொள்வார்.

மாத்திரை வேலை செய்தது. ஆதிமூலம் களத்துமேட்டில் உட்கார்ந்துகொண்டு வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார்.

"மாத்திர கீத்திரலாம் ஒண்ணுமில்ல. அந்த மெஷின்ல படுத்தேன் பாரு, உச்சியிலேர்ந்து உள்ளங்கால் வரிக்கும் சுர்ருனு ஒரு சூடு. அதுலயே பாதி வலி கரஞ்சி பூட்ச்சி."

பாப்பாத்தி மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஆவணிக் கடைசியில் வலி திரும்பியது. இன்னொரு வாட்டி அந்த மெஷினில் படுக்க வை என்று ஒரே பிடிவாதம்.

"போலாமா, யம்மா?" என்றார் டிரைவர் ஜான் பாஷா. மரம் விலகி, கார் போகிற அளவுக்குத் தார்ச்சாலை தெரிந்தது.

மெட்ராஸ் வரைக்கும் குலுங்கிக் குலுங்கிப் போய், மெஷினுக்குள் படுத்து, எழுந்து, வலி அப்படியே இருக்கிறது என்று அவர் தெரிந்துகொள்ளப்போவதை நினைத்தாள்.

"வாணாம் பாய். வண்டியத் திருப்புங்க."

ஜான் பாஷா கண்ணாடியில் அவளைப் பார்த்தார். வண்டியைத் திருப்பினார். கயிற்றைப் பிடித்திருந்த பையன்கள் புரியாமல் நின்றார்கள்.

"இன்னா, வழி வுடலயா?" என்றார் ஆதிமூலம், கண்ணைத் திறக்காமலே.

"மரம் பெருசா கெடக்குது. நாளிக்கு வுடுவாங்களாம்."

"நம்ம புள்ளயும் எங்கனா மரம் வெட்டிக்கினுதான் இருப்பான். இருக்கட்டும். அதுங்களுக்கும் வேல வெட்டி வேணுமில்ல."

ஊர் ஏரிக்கரை வருவதற்குள் ஆதிமூலத்தின் மூச்சு நின்றுவிட்டது.

சாயங்காலத்துக்குள் சேதி வேறு மாதிரி பரவியது. மறியலில் வண்டியை விடாமல் ஆளைச் சாகடித்துவிட்டார்கள். தியாகதுருகம் சாலை மறியலில் இருந்த அறிவுச்செல்வன் பஸ் இல்லாமல் நடந்தே வந்தான். வழியெல்லாம் இதையே கேட்டுக்கொண்டு வந்தவன், பந்தலுக்கு வெளியே நின்றுவிட்டான். சட்டையில் மரத்தூள் ஒட்டியிருந்தது.

"இப்ப வந்து நிக்கறியா? அப்பன் போறதுக்கு வழி இல்லாம பண்ணிட்டு?" என்றார் தாய்மாமன் காசிநாதன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

பாப்பாத்தி பிணத்தின் பக்கத்திலிருந்து எழுந்து வெளியே வந்தாள்.

"அவங்க வழி வுட்டாங்க. நாந்தான் வாணான்னு திருப்பச் சொன்னேன். பாயக் கேளு."

ஜான் பாஷா ஆமாம் என்று தலையசைத்தார்.

"ஏம்மா?" என்றான் அறிவுச்செல்வன்.

"அந்த மெஷின் படந்தான்டா புடிக்கும். மெட்ராஸ்லயே டாக்டரு எங்கிட்ட சொல்லிட்டாரு. இவருக்குத் தெரிய வாணான்னுதான் வாயத் தொறக்கல."

காசிநாதன் மேல்துண்டை எடுத்து உதறிவிட்டுத் தள்ளி நின்றார். அறிவுச்செல்வன் செருப்பைக் கழற்றினான். உள்ளே, தலைமாட்டு விளக்கில் எண்ணெய் குறைந்து திரி கருகிக்கொண்டிருந்தது. பாப்பாத்தி எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அவன் குந்தி உட்கார்ந்து, சிந்தாமல் ஊற்றினான்.