பதினேழாவது மைல்

கை மடங்கவே இல்லை. முத்துப்பேச்சி இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். பிறகு பனியன் கம்பெனிப் பையிலிருந்து டிரிம்மரை எடுத்தாள். நூல் பிசிறு வெட்டுகிற அந்தக் குட்டிக் கத்தரியால் கழுத்துப் பட்டியில் ஆரம்பித்துத் தோள்வரை வெட்டி, அய்யா போட்டிருந்த டீ ஷர்ட்டை உரித்தெடுத்தாள். குளிப்பாட்ட வேண்டும். விடியற்காலை காபி கொண்டுபோய் எழுப்பினபோதே, அவளைப் பெற்ற அய்யா ராக்கையாவின் உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது.

டீ ஷர்ட்டின் நெஞ்சில் ஒரு ரயில். அதற்குப் பின்னால் கடல், குடை பிடித்த வெள்ளைக்காரிகள். முதுகில் எட்டு வரி இங்கிலீஷ். ஏதோ சீமையில் ஒரு கடற்கரை ஊருக்குப் போகிற கிளை ரயில் பாதையின் கதையாம். நாலு வருஷத்துக்கு முந்தி வந்த ஆர்டர். படம் கோணலாக விழுந்ததால் செக்கிங்கில் அவளே கழித்துப்போட்ட பீஸ். அதை வீட்டுக்கு எடுத்து வந்தாளே, அன்றைக்குப் பிடித்தது சனி.

ராக்கையா முப்பத்திரண்டு வருஷம் ரயில்வேயில் கேங்மேன். அதுவும் எந்தப் பாதையில்? ஜங்ஷனிலிருந்து பவளமுனைக்குப் போன பதினேழு மைல் கிளைப் பாதையில். கோடையில் கடலில் குளிக்க வேண்டும் என்று துரைமார்கள் தங்களுக்காகப் போட்டுக்கொண்டது. கரையில் பங்களா கட்டினார்கள், சனிக்கிழமைக்குத் தனி வண்டி விட்டார்கள். துரைமார் போன பிறகு அமாவாசைக்குத் தலைமுழுகுகிறவர்களும் கருவாட்டுக் கூடைக்காரிகளும் உப்பு மூட்டைகளும் அதில் போய்வந்தன. காற்று அடித்தால் தண்டவாளத்தை மணல் மூடிவிடும். முதல் வண்டி வருவதற்குள் பனைமட்டையால் மணலைத் தள்ளி இரும்பை வெளியே காட்ட வேண்டும். ராக்கையாவின் பாதி ஆயுசு அதிலேயே போனது. கடைசியில், அகலப்பாதை ஆக்கப்போகிறோம் என்று சொல்லி ஒருநாள் வண்டிக்கு மாலை போட்டு அனுப்பினார்கள். மாலை போட்டதோடு சரி.

சீமைப் பாதையையும் அப்படித்தான் மூடினார்களாம். ஊர்க்காரர்களே கூடி மறுபடியும் ஓடவிட்டார்களாம். முதுகில் இருந்ததை, இங்கிலீஷ் தெரிந்த மெர்ச்சண்டைசர் பெண்ணிடம் கேட்டு வந்து முத்துப்பேச்சி சொன்னதும், ராக்கையா டீ ஷர்ட்டை மடியில் விரித்துவைத்துக்கொண்டு கேட்டார்: "அப்ப நம்ம பாதை?"

அன்றைக்கு அவள் ஒன்றரை ஷிப்ட் நின்றுவிட்டு வந்திருந்தாள். கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. ஒரே ஒரு தடவை ஊருக்குக் கூட்டிப் போ, அந்தக் கடலில் முழுகிவிட்டு வந்துவிடுகிறேன் என்று அவரும் திருப்பூருக்கு வந்த நாளிலிருந்து நச்சரித்துக்கொண்டிருந்தார். வாயை அடைக்க ஒரு வார்த்தை சொன்னாள்.

"நம்ம பாதையும் போட ஆரம்பிச்சுட்டாகளாம்யா. ரயில் விட்டதும் ரயில்லயே போவோம்."

அவ்வளவுதான், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் விசாரணை. "எத்தனாவது மைலுக்கு வந்திருக்காக, தாயி?" அவளும் வெங்காயம் உரித்துக்கொண்டே தண்டவாளம் போட்டாள். ஒரு மைலை மூன்று மாசம் இழுத்தாள். அவள் மைலைச் சொன்னால் அவர் அந்த மைலின் கதையைச் சொல்வார். நாலாவது மைலில் துரைசாணியின் நாய்க்குட்டி குதித்து ஓடி, வண்டி அரைமணி நேரம் நின்றது. அஞ்சாவது மைலில் கூட்டாளி ஒருவரைப் பாம்பு தீண்டியது. ஒருநாள் அசதியில் அவள் கணக்குத் தப்பி, ஏழாவது மைல் பாலம் முடிந்துவிட்டதாம் என்றாள். ராக்கையா அவள் முகத்தையே பார்த்தார்.

"ஆறப் போடாம ஏழுக்கு எப்படித்தா போனாக?"

"ரெண்டு பக்கமும் இருந்து போட்டுட்டு வாராக."

"சரித்தான்" என்று சிரித்தார். அன்றைக்குக் கதை சொல்லவில்லை.

நேற்று சாயங்காலம் பதினேழு வந்துவிட்டது. அதற்கப்புறம் கடல். தண்ணீருக்குள்ளா தண்டவாளம் போட முடியும்? "பவளமுனையில பேர்ப்பலக நட்டுட்டாகளாம்யா" என்றாள்.

ராக்கையா எழுந்து உட்கார்ந்தார். "அப்பக் கெளம்ப வேண்டியதுதான. வேட்டியத் தொவச்சுப் போடு."

ஷிப்மென்ட் சமயம். லீவு என்று கேட்டால் சூப்பர்வைசர் நாளையிலிருந்து வரவே வேண்டாம் என்பான். "ஆடி அமாவாசைக்குப் போவோம்யா. இன்னும் நாலு மாசந்தான்" என்றாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"கண்ணு, தப்பா நெனச்சுக்காத" என்று, குளிப்பாட்டிக் கிடத்தினதும் வீட்டுக்காரம்மா சுப்பாத்தாள் வாசலில் வந்து நின்றாள். "மேல் ஊட்டுல முழுகாம இருக்கற புள்ள இருக்குது. பொழுதெறங்கறதுக்குள்ள எடுத்துட்டீங்கன்னா நல்லதுங்க." எவ்வளவு மரியாதையான பேச்சு! கோபப்படக்கூட வழியில்லை.

"நாலு மணிக்குக் கரண்டு மயானத்துல சொல்லியாச்சுங்கம்மா" என்றான் முனீஸ். முத்துப்பேச்சியின் தம்பி. அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர்.

"ஊருக்குக் கொண்டு போவோம்டா" என்றாள் அவள்.

"பொணத்த வச்சுக்கிட்டு எட்டு மணி நேரமா? அங்க நம்மாளு யாரு இருக்கா? நாளைக்கு பைனல் இன்ஸ்பெக்சன். எனக்கு மட்டுமா? ஒனக்குந்தான்."

மத்தியானம் இரண்டரைக்கு சோணைமுத்து வந்து சேர்ந்தார். ராக்கையாவோடு அதே பாதையில் மணல் தள்ளியவர். காலையில் முனீஸ் போன் பண்ணினதும் கிளம்பிவிட்டார். மாலையைப் போட்டுவிட்டு, ராக்கையாவின் காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். பிறகு மூக்கைத் துடைத்தார்.

"பஸ்ஸு வெரசா வந்துருச்சு தாயி. நம்ம தண்டவாளம் கெடந்த மேட்டு மேலதான இப்ப ரோடு."

"சத்தமாப் பேசாதீக சித்தப்பா!" முத்துப்பேச்சி பதறினாள். "அய்யாவுக்குக் கேட்டுரும்."

சொல்லிவிட்டுத்தான் அவளுக்கே உறைத்தது. சோணைமுத்து அவளைப் பார்த்தார்.

"அவருக்குத் தெரியாதுன்னா நெனச்ச? தண்டவாளத்தப் பேத்து லாரியில ஏத்துன அன்னைக்கே நான் போன்ல சொல்லிட்டேன். அதுவும் ஆச்சு மூணு வருசம்."

"அப்புறம் ஏன் என்கிட்ட மைல் கேட்டாரு?"

"நானும் அதத்தான் கேட்டேன். 'போடட்டும்டா, பதினேழு மைல் போட்டு முடிக்கட்டும். அதுக்கப்புறம் அவளுக்குச் சாக்கு இல்லல்ல, கூட்டிட்டுத்தான போகணும்'னாரு. நேத்துச் சாயங்காலங்கூடப் பேசுனாரு. பாத முடிஞ்சு போச்சு, ஆனா வண்டி வராதுடான்னாரு. வேற ஒன்னும் சொல்லல."

முத்துப்பேச்சி அழவில்லை. தரையில் கிடந்த டீ ஷர்ட்டை எடுத்தாள். வெட்டின ஓரத்தில் நூல் தொங்கியது. அதை டிரிம்மரால் நறுக்கிவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் மடித்து வைத்தாள். வெட்கமாக இருந்தது. அவர் மேல் கோபமாகவும் இருந்தது. தெரிந்திருந்தும் ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே மனுஷன்!

மூன்றரை மணிக்கு எடுத்தார்கள். ஆறு மணிக்கெல்லாம் சிவப்புத் துணி கட்டிய சின்னப் பானையில் ராக்கையாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

"எங்கீங்க கரைக்கறீங்க? கொடுமுடிங்களா?" என்று கேட்டார் மயானத்து ஆள்.

"எங்க ஊரு கடல்ல" என்றான் முனீஸ்.

"எங்கிட்டக் குடுப்பா" என்று சோணைமுத்து கையை நீட்டினார். "நான் இப்ப ஊருக்குத்தான் போறேன். விடிஞ்சதும் கரைச்சிர்றேன்."

"மகன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது நீங்க கரைச்சா ஊரு என் மூஞ்சியில காறித் துப்பாதா? நான் வந்து கரைக்கிறேன். லீவு கெடைக்கட்டும்."

சோணைமுத்து, கூட வந்திருந்த முத்துப்பேச்சி பக்கம் திரும்பினார். "நீயாச்சும் வா தாயி. பெத்த மக நீ கரைச்சா எவன் கேப்பான்? ஒரு நாள்தான."

ஒரு நாள்தான். போகலாம் என்றுதான் அவளும் வாயெடுத்தாள். மடியில் போன் அதிர்ந்தது. சூப்பர்வைசர். எடுக்கவில்லை. அது நின்று, மறுபடியும் அதிர்ந்தது. முனீஸ் அவளையே பார்த்தான்.

"பானைய ஊட்டுக்குக் கொண்டு போகக் கூடாதுங்க" என்றார் மயானத்து ஆள் பொறுமையாக. "இங்கயே வெச்சுட்டும் போகலாம். எப்ப வந்து எடுத்துக்குவீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"ஆடி அமாவாசைக்கு" என்றாள் முத்துப்பேச்சி.

நாக்கு பழகிவிட்டிருந்தது. சோணைமுத்து நீட்டின கையை மெதுவாக மடக்கிக்கொண்டார்.

"ஆகட்டுங்க. இந்தச் சீட்டுல பேரு, ஊரு, தேதி எழுதிக் கட்டீருங்க." அவள் எழுதிக் கட்டினாள். கழன்றுவிடாமல் இரட்டை முடிச்சு.

உள்ளே இரும்பு அலமாரி. நாலு தட்டு நிறையப் பானைகள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. தூத்துக்குடி, முதுகுளத்தூர், ராமநாதபுரம் என்று தெற்கத்தி ஊர்ப் பெயர்கள். பல சீட்டுகளில் ஆடி அமாவாசை என்றே இருந்தது. சிலது போன வருஷத்து ஆடி, சிலது அதற்கும் முந்தினது. மயானத்து ஆள் முழங்கையால் அவற்றை ஓரமாகத் தள்ளி, ராக்கையாவுக்கு இடம் பண்ணினார். நெருக்கடியில் பானை ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. சீட்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது.