பாலத்தை முதலில் தொட்டவர்

வீட்டை விற்றுவிட்டு மகனுடைய ஒன்பதாவது மாடிக்குக் குடிபோவதா, வேண்டாமா? டிரைவரம்மாவுக்கும் அவர் புருஷனுக்கும் காலையிலிருந்து இதே ரகளை. பேரனோடு இருக்கலாம், போவோம் என்கிறார் புருஷன். முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர் என்பதால் டிரைவரம்மாவுக்கு அவர் 'கத்திரி'. செத்தாலும் வரமாட்டேன் என்கிறார் டிரைவரம்மா. பேசித் தீராத வழக்குக்கு அந்த வீட்டில் ஒரே கோர்ட்டுதான்: சுற்றுப்பாதை.

"கெளம்புங்க!" என்று செருப்பை மாட்டினார் டிரைவரம்மா.

வாசலிலிருந்து இடப்பக்கம் சோளக்காட்டு வழி, வலப்பக்கம் ஆட்டுப்பட்டி வழி. இரண்டும் ஒரே தூரம். ஓடைமேல் இருக்கும் மரப்பாலத்தின் இரு முனைகளில் போய்ச் சேரும். ஆளுக்கொரு பக்கமாகக் கிளம்ப வேண்டும். பாலத்தை முதலில் தொட்டவர் சொன்னதுதான் சட்டம்.

காதலித்த காலத்தில் ஊர்க்கண்ணுக்குப் பயந்து ஆளுக்கொரு பக்கமாகச் சுற்றிவந்து, பாலத்தில் தற்செயலாகப் பார்த்ததுபோல் நடித்தவர்கள்தானே! ஊரே சிரித்தது வேறு விஷயம். கல்யாணத்துக்கப்புறம் அதுவே போட்டியாகிவிட்டது. நிறைமாத வயிற்றோடு அசைந்து அசைந்து போய், பிள்ளைக்குப் பெயர் வைக்கும் உரிமையை வென்றார் டிரைவரம்மா. அந்தப் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு, "ஹாரன் அடிடா கண்ணா!" என்று ஓடியேதான் பஸ் ஓட்டும் வேலைக்குப் போகும் வழக்கிலும் ஜெயித்தார். கத்திரி ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. பாவம், வழியில் யாரைப் பார்த்தாலும் நின்று வாயடிக்காவிட்டால் அவருக்குத் தலை வெடித்துவிடும்.

ஆனால் இந்தத் தடவை டிரைவரம்மாவின் முழங்கால் மக்கர். தோற்றால் வீடும் போச்சு, பாதையும் போச்சு. ஒன்பதாவது மாடியில் எதைச் சுற்றுவது, லிஃப்டையா? ஆனால் சோளக்காட்டுக் காற்று முகத்தில் அடித்ததுதான் தாமதம், சந்தோஷம் தலைக்கேறிவிட்டது. கைத்தடியைச் சுழற்றிக்கொண்டு, "பாம்! பாம்!" என்று வாயாலேயே ஹாரன் அடித்தபடி திருப்பத்தில் வளைந்தார். ஒரு காடை அலறிப் பறந்தது. "ஓரம் போ!" என்று அதையும் அதட்டினார்.

பாலத்தில் ஈ காக்கை இல்லை.

"ஜெயிச்சுட்டேன்!" கைப்பிடியைத் தொட்டுக் கத்தினார். ஆட்டுப்பட்டி வழியில் கத்திரியின் தலையே தெரியவில்லை. திக்கென்றது. மனுஷன் எங்கேயாவது விழுந்து கிழுந்து வைத்தாரோ? பதறிப்போய்ப் பாலத்தைக் கடந்தால், பக்கத்துப் புதருக்குப் பின்னால் ஒரு கல்லில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார் கத்திரி. காலடியில் தோல் குவிந்து கிடந்தது.

"யோவ்! எப்ப வந்தே?"

"அப்பவே வந்துட்டேன்."

"பின்னே ஏன் தொடலை?"

"தொடத்தான் கையை நீட்டினேன். சோளக்காட்டுலேர்ந்து உன் ஹாரன் கேட்டுச்சு. இந்தச் சத்தத்தை எப்படி லிஃப்டுல அடைக்கிறது? கை வரலை."

டிரைவரம்மாவுக்குக் கண் கலங்கியது. கலங்கினால் அவருக்குக் கோபம்தான் வரும். "அப்ப இத்தனை வருஷமும் விட்டுக்கொடுத்துத்தான் என்னை ஜெயிக்க வச்சியா?"

"சத்தியமா இல்லை! அதெல்லாம் நெசமாவே தோத்தது. வாழ்க்கையில ஜெயிக்க வாய்ச்சதே இன்னிக்கு ஒரு நாள்தான்."

டிரைவரம்மா அவர் தோளில் சாய்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார். கடலையைப் பிடுங்கித் தின்றார்.

"பேரனை லீவுக்கு நாம போய்க் கூட்டிட்டு வர்றதா, அவங்களே கொண்டுவந்து விடறதா? வாசலை முதல்ல தொடறவங்க முடிவு பண்ணட்டும். விட்டுக்கொடுத்தே, தொலைச்சுடுவேன்!"

கத்திரி செருப்பைக்கூட மாட்டாமல் எழுந்து ஓடினார்.