மூச்சை மட்டும் நம்பியவன்

ருவான்வெல்லைக்கு மேலே உள்ள இறப்பர் தோட்டத்தில் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டுத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்கு வந்த துஷ்யந்திக்கு முதலில் கேட்டது பிள்ளையின் அழுகைதான். வாளியைப் போட்டுவிட்டு ஓடினாள். அடுப்படியில் வெந்நீர்க் கேத்தல் கவிழ்ந்து கிடந்தது. ஆறு வயது சுதர்ஷினி வெந்துபோன காலைப் பிடித்துக்கொண்டு தரையில் புரண்டாள். பக்கத்திலேயே, இஸ்தோப்புத் திண்ணையில், அவளுடைய அப்பன் இந்திரகுமார் பாயில் சம்மணமிட்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான்.

"பிள்ள கத்துறது கேக்கலையா உங்களுக்கு?"

கண்ணைத் திறந்தான். "கேட்டுச்சு... எந்திரிக்கத்தான் பார்த்தேன்..."

துஷ்யந்தி பாயோடு சேர்த்து அவனை உதைத்தாள். அவன் குடித்துவிட்டு அடித்த நாட்களில்கூடத் திருப்பிக் கை ஓங்காதவள் அவள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஓடினாள்.

கள்ளச் சாராயமான கசிப்பே கதியென்று கிடந்தவன் இந்திரகுமார். குடியை விடுவதற்கான சிகிச்சை நிலையத்தில் இருந்து திரும்பி வந்தபோது லயமே அதிசயமாகப் பார்த்தது. விடிந்ததும் யோகாசனம், மத்தியானம் மூச்சுப் பயிற்சி. "தங்கமா மாறிட்டாரே உன் புருஷன்" என்றார்கள். பால் வெட்ட மலைக்குப் போவதும், தண்ணீர் சுமப்பதும், சமைப்பதும் இன்னும் துஷ்யந்திதான். குடித்தபோது கிடந்தவன் இப்போது உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவுதான் வித்தியாசம் என்று உள்ளுக்குள் கொதித்தாள்.

காலில் கட்டோடு பிள்ளை தூங்கிய பிறகு அவன் தானாகவே சொன்னான்.

"அங்க குடுத்த மாத்திரைய நிப்பாட்டிட்டேன். கிளினிக்குக்கும் போகல. யோகாவே போதும்னு நெனச்சேன். இன்னைக்குக் கை காலெல்லாம் நடுங்கி, குடிச்சே ஆகணும்னு வெறி வந்திருச்சு. எந்திரிச்சா நேரா கசிப்பு காய்ச்சுற எடத்துக்குத்தான் போயிருப்பேன். அதான் கண்ண இறுக்கி மூடிக்கிட்டேன்."

"பிள்ள வெந்து துடிக்கிறா, நீ மூச்சப் பார்த்துக்கிட்டு இருந்தியா?"

அவள் அவனை 'நீ' என்றது அதுதான் முதல் தடவை.

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. பிள்ளையை அவன் தோளில் ஏற்றி, அவனை முன்னே நடக்கவிட்டு, பஸ் ஏறி, அவனுக்குச் சிகிச்சை கொடுத்த கேகாலைக் கிளினிக்குக்குப் போனாள். அங்கே ஆலோசகராக இருந்தவள் மாவனல்லைக்காரி பஸ்னா.

"மிஸ், கண்ண மூடி உக்காரச் சொன்னது நீங்கதானே? இந்தக் காலப் பாருங்க."

பஸ்னா கட்டைப் பார்த்தாள். நடந்ததைக் கேட்டதும் அவள் முகம் சிவந்தது. "மாத்திரைய விடச் செல்லி நான் செல்லினா, இந்திரகுமார்? யோகா ஒரு கைத்தடி. கால வெட்டிப் போட்டுட்டுக் கைத்தடிய வச்சு நடக்க ஏலுமா? வெறி வந்தா மூச்சப் பாருங்க, கொஞ்சத்துல தணியும். தணியல்லண்டா ஆளக் கூப்பிடுங்க, எங்களுக்கு ஃபோன்ல கோல் எடுங்க. அதையும் செல்லித்தானே அனுப்பின?"

"எங்கிட்ட யாரு சொன்னா?" துஷ்யந்தி மேசையில் தட்டினாள். "அடி வாங்கினவ நான். இவர வீட்டுக்கு அனுப்புறப்ப, என்னா ஏதுன்னு எனக்கு ஒரு வார்த்த சொன்னீங்களா?"

பஸ்னா துஷ்யந்தியின் பக்கம் திரும்பினாள். "இல்ல. அது எங்கட பிழைதான்" என்றாள். "இனி நீங்களும் வாங்க."

"வாறேன். ஆனா என் கோவத்த மூச்சால அடக்கச் சொல்லாதீங்க, மிஸ்."

மாத்திரையை வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் இந்திரகுமார் ஒன்றை விழுங்கினான். பிள்ளையின் கட்டைத் தொட்டுப் பார்த்தான். கண் கலங்கியது. "இனி காலையில தண்ணி நான் தூக்குறேன். சமைச்சும் வைக்கிறேன். அதுக்கப்புறந்தான் பாயில உக்காருவேன்."

"உக்காருங்க, நான் வேணாங்கல." அவள் குரல் இன்னும் தணியவில்லை. "மூச்சுப் பயிற்சியும் வேணும், மாத்திரையும் வேணும், கிளினிக்கும் வேணும். ஒண்ண மட்டும் புடிச்சுக்கிட்டு மத்தத விட்டா குடி திரும்பி வந்துரும். ஆனா ஒண்ணு, பிள்ள அழுதா எந்திரிச்சு ஓடணும். குடிய விடுறதே அதுக்குத்தான்."